பக்கத்திலை ஒரு கருவி இருக்கு

எங்கட தொழிலிலை ஒரு விசேஷம் என்னெண்டால், சந்தோஷமா இருக்கிற ஒருத்தரும் எங்களுக்கு ஃபோன் எடுக்கிறேல்லை. "எல்லாம் வடிவா வேலை செய்யுது, சும்மா சொல்லுவம் எண்டு எடுத்தனான்" எண்ட ஒரு மனுசரை நான் இன்னும் காணேல்லை. எடுக்கிறவை எல்லாரும் ஏற்கெனவே பல்லைக் கடிச்சுக்கொண்டுதான் எடுப்பினம். இதை வாசிக்கிற நீங்களும் ஒருநாளாவது கார் ரேடியோவையோ, காதிலை மாட்டுறதையோ ஃபோனோடை இணைக்கப் போய், சக்கரம் சுத்திச் சுத்திக் கடைசியிலை "இணைக்க முடியவில்லை" எண்டு வந்ததைப் பார்த்து ஃபோனை எறியப் போயிருப்பியள். அப்ப நீங்களும் எங்கட ஆள்தான். வாங்கோ, இருங்கோ.

நான் இருக்கிறது சுவிஸிலை, வில் நகரத்திலை. தொழிற்சாலைப் பக்கமா உள்ள ஒரு சின்னக் கம்பனியிலை உதவி லைனிலை வேலை. கம்பனி விக்கிறது உள்ளங்கைக்குள்ளை அடங்கிற ஒரு கருவி. அதுக்குள்ளை காய்ஞ்ச மூலிகையைப் போட்டால், எரிக்காமல் சூடாக்கி ஆவியாத் தரும். அந்த ஆவியை வாயாலை இழுக்கிறது. எவ்வளவு சூடு வேணும் எண்டு ஃபோனிலை இருக்கிற ஆப்பிலை வைக்கோணும். ஆப்பும் கருவியும் கதைக்கிறது புளூடூத்திலை. அதுகள் ரெண்டும் கதையாமல் விட்டால், சனம் என்னோடை கதைக்கும்.

என்ன மூலிகை?

வேலைக்கு எடுக்கேக்க "இன்ஹலேஷன் கருவி" எண்டுதான் சொன்னவை. மூச்சுக் கஷ்டப்படுற தொய்வு வருத்தக்காரருக்காக்கும் எண்டு நான் நினைச்சுப்போட்டன். வீட்டிலையும் கோயிலிலையும் மூச்சுக் கருவிக் கம்பனியிலை வேலை கிடைச்சிட்டுது எண்டு பெருமையாச் சொல்லியும் திரிஞ்சன். புண்ணியமான வேலை பிள்ளை எண்டு சனம் வாழ்த்திச்சுது.

முதல் கிழமையே ஒரு வயதுபோன மனிசி லைனிலை வந்தா. மெத்தப் பண்பான குரல். சணலுக்கு எவ்வளவு சூடு வைக்கிறது, ஆப் கூட்ட விடுகுதில்லையே எண்டு ஜெர்மனிலை கேட்டா. அவ சொல்லுற சணல் எந்தச் சணல் எண்டு விளங்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஃபோனைப் பொத்திக்கொண்டு பக்கத்து மேசை ரெட்டோவைக் கேட்டன், இது கஞ்சாவோ எண்டு. ரெட்டோ எங்கட பகுதியிலை மூத்தவர், எதுக்கும் பதறாத மனுசன். இந்த நாட்டிலை இப்ப டொக்டர்மார் தீராத நோவுக்கு இதை எழுதிக் குடுக்கினம், மருந்துக்கடையிலை அளந்து குடுக்கினம், சிலபேர் லாவண்டர் பூ மட்டும் போட்டு இழுக்கினம் எண்டு ஆறுதலா விளங்கப்படுத்தினார். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். கண்ணுக்கு முன்னாலை ஓடினது முழுக்கக் கோயில் சனத்தின்ரை முகம். கடைசியிலை அவர் குரலைக் குறைச்சு ஒரு புத்தி சொன்னார்.

"கஸ்டமரோடை கஞ்சா எண்டு கதைக்காதேங்கோ. மருந்துக்கடையிலை அதுக்குப் பூ எண்டுதான் சொல்லுவினம்."

நாரி நோ

இனி வீட்டுக்கதை. இவருக்கு, அதுதான் என்ரை மனுசனுக்கு, ஒரு பொதி செய்யிற தொழிற்சாலையிலை வேலை. வருஷக்கணக்காப் பெட்டி தூக்கித் தூக்கி முதுகின்ரை கீழ்ப்பக்கம், நாரி, போச்சுது. நாரியிலை தொடங்கிற நோ காலுக்குள்ளாலை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். விடிய எழும்பிச் சப்பாத்து லேஸ் கட்டேலாமல் கதிரையிலை இருந்து கண்கலங்கிற மனுசனைப் பார்த்துக்கொண்டு நான் எப்பிடி வேலைக்குப் போறது? இலையுதிர் காலத்துக்குள்ளை எழும்பி நிக்காட்டி உங்களை வைச்சிருக்கிறது கஷ்டம் எண்டு மேலாளரும் சொல்லிப்போட்டார்.

ஊசி, குளிசை, நீச்சல் எல்லாம் பார்த்தாச்சு. கடைசியா டொக்டர் கதிரையை எங்களுக்குக் கிட்ட இழுத்துப்போட்டு, ஆவியா இழுக்கிற ஒரு மருந்து இருக்கு, சணலிலை இருந்து வாறது எண்டு தொடங்கினார். அதை இழுக்கிறது எங்கட கருவியாலைதான். இப்ப சொல்லுவமோ, இல்லாட்டி வீட்டை போய்ச் சொல்லுவமோ எண்டு நான் வாயைத் திறந்து மூடேக்கையே இவர் எழும்பி ஜாக்கெட்டை எடுத்திட்டார். படிக்கட்டிலை ஒவ்வொரு படியாப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கிக்கொண்டு சொன்னது இதுதான்.

"கஞ்சா இழுத்துத்தான் நான் நடக்கோணும் எண்டால், நான் படுத்தே கிடக்கிறன்."

செஃபுக்கு வந்த சூடு

எங்கடின் எண்ட மலைப்பக்கத்து ஹோட்டல் ஒண்டிலை பருவகாலத்துக்கு வேலை செய்யிற ஒரு பெடியன் எடுத்தான். போர்த்துக்கல்காரன், பாவம், நித்திரை இல்லாமல் கஷ்டப்பட்டு லாவண்டர் இழுக்கிறவன். ஆப் கருவியைக் கண்டுபிடிக்குது, இணைஞ்சிட்டுது எண்டு பச்சையும் காட்டுது, ஆனால் கையிலை இருக்கிற கருவி மட்டும் பச்சைத் தண்ணி மாதிரிக் குளிர்ந்து கிடக்குது எண்டான். அழிச்சுத் திரும்பப் போடச் சொன்னன். போட்டான். ஃபோனை அணைச்சு ஏத்தச் சொன்னன். ஏத்தினான். கருவி அசையேல்லை.

பேந்து எனக்கு ஒண்டு பொறிதட்டிச்சுது. ஆப்பிலை இருக்கிற இலக்கத்தையும் கருவியின்ரை அடியிலை இருக்கிற இலக்கத்தையும் வாசி எண்டன். ரெண்டும் வேற, ஆப் ஆரின்ரையோ கருவியோடை இணைஞ்சிருக்கு. வேலையாக்களின்ரை விடுதியிலை சுவர் எல்லாம் மெல்லிய பலகை. புளூடூத்துக்குப் பலகை ஒரு பொருட்டே இல்லை. பக்கத்து அறையிலை ஆர் எண்டு கேட்டன். பக்கத்து அறை ஆள் தன்ரை மேசையிலை இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள்ளை ஏதோ தானாச் சூடாகுது, இந்த அறையிலை பேய் இருக்கு எண்டு சாப்பாட்டு மேசையிலை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவராம். எனக்குக் கேக்கவே தூக்கிவாரிப் போட்டுது. நெருப்புக் கிருப்புப் பிடிச்சிருந்தால்? அவன் அழுவாரைப் போலை சொன்னான்.

"மேடம், அது எங்கட செஃப். இவ்வளவு நாளும் நான்தான் அவருக்குச் சூடாக்கிக் குடுத்திருக்கிறன்."

எண்ணெய்

இவர் படுத்துத்தான் கிடந்தார். நான் என்ரை வேலையைப் பற்றி வாய் திறக்கேல்லை. கஞ்சா இழுக்கிறதிலும் படுத்தே கிடக்கிறன் எண்ட மனுசனிட்டை, உன்ரை பெண்சாதி அதுக்குத்தான் வழி சொல்லிச் சம்பளம் எடுக்கிறா எண்டு எப்பிடிச் சொல்லுறது? வெள்ளிக்கிழமை விரதம் பிடிச்சன். அம்மனுக்கு நேர்த்தி வைச்சன். ஊரிலை இருக்கிற சின்னம்மாவைப் பிடிச்சு, நாட்டு வைத்தியம் செய்யிற ஒரு பரியாரியார் காய்ச்சிற எண்ணெய் எடுப்பிச்சன். நாத்தம் எண்டால் அப்பிடி ஒரு நாத்தம். பின்னேரம் பின்னேரம் சூடாக்கி நாரியிலை தேய்ச்சு விட்டன்.

நம்பமாட்டியள், ஆள் எழும்பிட்டார். முதல் நித்திரை வந்தது. பேந்து நடை வந்தது. பேந்து ஒருநாள் விடியக் குனிஞ்சு லேஸ் கட்டினார். நான் சமைச்சுக்கொண்டிருந்த குசினியின்ரை வாசலிலை நிண்டு பார்த்தன். வேலைக்கும் போகத் தொடங்கிட்டார். அதோடை பக்தியும் வந்திட்டுது. முந்தி சாமித்தட்டுப் பக்கம் திரும்பியும் பாராத மனுசன், நான் வேலையாலை வாறதுக்கு முதலே வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டு வைச்சிருப்பார். நான் சும்மா இருப்பனோ? கோயிலிலை எல்லாருக்கும் சொன்னன். துன் நகரத்திலை இருக்கிற என்ரை மச்சாளுக்கு ரெண்டு போத்தில் அனுப்பினன். அவவின்ரை ஹோட்டலிலை வேலை செய்யிறவை வேற கேட்டவை. அன்னதானத்திலை ஒருத்தர் இவரைப் பிடிச்சு, உண்மையாவே எண்ணெயாலைதானோ சுகம் எண்டு கேட்டார். இவர் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு என்னை ஒருக்கால் பார்த்தார்.

"எல்லாம் இவவின்ரை கைராசி அண்ணை."

மிக்சர்ப் பேணி

ஒருநாள் லைனிலை வந்த ஜெர்மனைக் கேட்டதும் எனக்கு முதுகு நிமிர்ந்திட்டுது. அது எங்கட ஜெர்மன். வினைச்சொல் கடைசிக்குப் போகோணும் எண்ட கவலையே இல்லாத யாழ்ப்பாணத்து ஜெர்மன். கருவி ஒவ்வொரு நாளும் ஆப்பிலை இருந்து காணாமல் போகுதாம். மனுசன் திணறுறதைக் கேக்கேலாமல், "அண்ணை, தமிழிலை கதையுங்கோ" எண்டிட்டன். அங்காலை ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். பேந்து, எங்கட ஆக்களுக்கு எந்தப் பதட்டத்திலையும் முதல் வாற கேள்வி வந்தது. பிள்ளை எந்த ஊர்?

அந்தக் கேள்வியின்ரை ஆபத்து அவருக்குக் கேட்ட பிறகுதான் விளங்கிச்சுது. ஊரைச் சொன்னால் தெருவைக் கேக்கோணும், தெருவைச் சொன்னால் சொந்தம் வந்திடும். நான் ஒரு பொய் ஊர் சொன்னன். அவரும் உடனை, இது தன்ரையில்லை, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன்ரை எண்டார். சரி அண்ணை, அந்த வெள்ளைக்காரன் இதை எங்கை வைக்கிறவர் எண்டு கேட்டன். மிக்சர்ப் பேணிக்குள்ளை எண்டு வாய்தவறிச் சொல்லிப்போட்டார். தகரப்பேணியை மூடினால் புளூடூத் வெளியாலை வராது, துணிப்பையிலை வையுங்கோ எண்டன். நன்றி எண்டு சொல்ல வாயெடுத்தவர் பேந்து யோசிச்சுச் சொன்னார்.

"பிள்ளை, நான் உங்களோடை கதைக்கேல்லை. நீங்களும் என்னோடை கதைக்கேல்லை."

இருப்பிடம்

துன்னிலை ஒரு பென்ஷன்கார அம்மா இருக்கிறா. முந்தித் தேவாலயத்திலை ஓர்கன் வாசிச்சவ, இப்ப விரல் மூட்டெல்லாம் நோ. அவவின்ரை ஃபோனிலை கருவி எப்பவும் தெரியிறேல்லை. சில ஃபோனிலை இருப்பிடத்தைக் காட்ட விட்டால்தான் புளூடூத் பக்கத்திலை தேடும். அது ஏன் எண்டு என்னைக் கேக்காதேங்கோ, செய்தவனைக் கேக்கோணும். இருப்பிடத்துக்கு ஓம் எண்டு அமத்துங்கோ எண்டு நான் சொன்னதும் அவவுக்கு வந்த கோவம்! நான் மூச்சு இழுக்கிறதுக்கும் நான் நிக்கிற இடத்துக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்டா. நியாயமான கேள்விதான். ஒருக்கால் மட்டும் விடுங்கோ, பேந்து மூடலாம் எண்டு கெஞ்சினன். அவ ஒரு வசனத்தோடை கதையை முடிச்சுப்போட்டா.

"நான் எங்கை நிக்கிறன் எண்டு என்ரை மகளுக்கே நான் சொல்லுறேல்லை."

ஒரு வரி

ஆப்பை எழுதிற பெடியன் கார்த்திக். தமிழ்நாட்டுக்காரன், சூரிச்சிலை இருக்கிறான், நல்ல பிள்ளை. ஒருநாள் அவன் ஆப்பைப் புதுப்பிச்சு விட, நாட்டிலை இருக்கிற எல்லா ஃபோனும் தன்ரை தன்ரை கருவியை மறந்து போச்சுது. அண்டைக்கு விடிய நான் ஜாக்கெட் கழட்ட முதலே எல்லா லைனும் சிவப்பு. ரெட்டோவே பதறினார் எண்டால் பாருங்கோ. கார்த்திக்கைப் பிடிச்சுக் கத்தினன். அவன் உடனை ஒரு சோதனை ஆப் செய்து என்ரை வேலை ஃபோனுக்கு அனுப்பினான். அதுக்குள்ளை பக்கத்திலை இருக்கிற எங்கட கருவி எல்லாம் தெரியும். கிட்டப் போகப் போகச் சிக்னல் கோடு கூடும். அதைப் பிறகு மெச்சினன். ஆனால் அண்டைக்கு ஃபோனிலை அவன் சொன்ன நியாயம் இதுதான்.

"அக்கா, சத்தியமா நான் ஒண்ணுமே பண்ணல. ஒரே ஒரு வரிதான் மாத்தினேன்."

பக்கத்திலை ஒரு கருவி

ஒரு சனிக்கிழமை வீட்டிலை இருந்து வேலை. எங்கட கட்டிடத்திலை உடுப்புத் தோய்க்கிற முறை அண்டைக்கு எங்களுக்கு. இவர் கூடையைத் தூக்கிக்கொண்டு மெஷின் இருக்கிற நிலவறைக்கு இறங்கிட்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு! நான் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டன். அந்த நேரம், இருப்பிடத்துக்குக் கோவிச்ச துன் அம்மா எடுத்தா. ஒரு மாதிரி மனம் மாறி, சரி ஒருக்கால் ஓம் எண்டு அமத்துறன், நீங்களும் கூடவே அமத்திக்கொண்டு சொல்லுங்கோ எண்டா. வீட்டிலை கருவி இல்லை, அது வேலை செய்யிற கந்தோரிலை இருக்கு. படிப்படியாச் சொல்லுறதுக்காக நானும் வேலை ஃபோனிலை சோதனை ஆப்பைத் திறந்தன். வெறும் திரை வருமெண்டு நினைச்சன். பக்கத்திலை ஒரு கருவி இருக்கு எண்டு வந்தது.

மேல்வீட்டுக்காரரின்ரையாக்கும் எண்டு நினைச்சன். விறாந்தைக்கு நடந்தன், கோடு குறைஞ்சுது. குசினிக்கு வந்தன், கூடிச்சுது. சாமித்தட்டடியிலை இன்னும் கூடிச்சுது. கண்டுபிடிச்சிட்டியளோ எண்டு துன் அம்மா காதுக்குள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறா. குசினி அலுமாரிக்கு மேலை இருக்கிறது எங்கட பித்தளைப் பொங்கல் பானை. தைப்பொங்கலுக்குப் பல்கனியிலை பொங்கினால், அடுத்த தைவரைக்கும் அதை ஒருத்தரும் தொடுறேல்லை. எனக்கு அது எட்டாது, கதிரை வேணும். இவருக்கு எட்டும். முந்தி நாரியோடை எட்டாது. இப்ப எட்டும். அந்த எண்ணத்தோடையே கதிரையை இழுத்துப் போட்டன்.

கதிரையிலை ஏறினன். மூடி சரியா மூடுபடாமல் சரிஞ்சு கிடந்தது. உள்ளை ஒரு பழைய வேட்டித் துண்டு, துண்டுக்குள்ளை எங்கட கருவி. இன்னும் இளஞ்சூடு. பக்கத்திலை மருந்துக்கடைப் பேணி, இவரின்ரை பேர் போட்டு. அடுத்ததாச் சாம்பிராணிப் பெட்டி. அப்ப அந்தப் பக்தி மணத்தை மறைக்கத்தான்! துன் அம்மாவிட்டைப் பிறகு எடுக்கிறன் எண்டு சொல்லி வைச்சன். கோவம் வந்தது, அழுகை வந்தது, எது முதல் வந்தது எண்டு தெரியேல்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து இவர் வந்து நிண்டார். கதிரையிலை நான், கையிலை கருவி. கூடையை ஆறுதலாக் கீழை வைச்சார். என்ரை பெருவிரல் மட்டும் தன்ரைபாட்டிலை பட்டனை அமத்திப் பிடிச்சிருக்கு, நீல வெளிச்சம் ரெண்டுதரம் மின்னுற வரைக்கும். ஒருநாளைக்கு எத்தினை பேருக்குச் சொல்லுற வேலை, விரலுக்குப் பழக்கம். அவர் என்ரை முகத்தைப் பார்க்கேல்லை. விரலைத்தான் பார்த்தார்.

"உமக்கு இது எப்பிடித் தெரியும்?"

பிறகு ரெண்டுபேரும் குசினி மேசையிலை இருந்து எல்லாத்தையும் கொட்டினம். படுத்தே கிடக்கிறன் எண்டவர் ஒரு கிழமை கிடந்து பார்த்தாராம். விரதத்தோடை நான் எண்ணெயும் கையுமா வந்து நிக்கிறதைப் பார்க்கேலாமல் தனியா டொக்டரிட்டைப் போனாராம். விரதக்காரியிட்டைக் கஞ்சா எண்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சு யோசிச்சே சொல்லாமல் விட்டவராம். டொக்டருக்குத் தெரியும், மருந்துக்கடைக்குத் தெரியும், தொழிற்சாலை மேலாளருக்கே தெரியும். தெரியாதது எனக்கு மட்டும். நானும் மூச்சுக் கருவிக் கம்பனியின்ரை கதையைச் சொன்னன். அவர் வாயைத் திறந்தவர் மூடேல்லை. நான் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, இது ஆப்பிலை இருந்து அடிக்கடி காணாமல் போறேல்லையோ எண்டு கேட்டன். பானைக்குள்ளை வைச்சால் போகும் எண்டார். பித்தளைக்குள்ளை வைச்சால் போகாமல் என்ன செய்யும், என்னட்டைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பனே எண்டு கத்தினன். கத்தி முடிய, சின்னம்மா, மச்சாள், அவவின்ரை ஹோட்டல்காரர், கோயில் சனம் எல்லாரும் வரிசையா ஞாபகத்துக்கு வந்திச்சினம். அப்ப அந்த எண்ணெய்? எண்டன். இவர் எழும்பி, குனிஞ்சு, உடுப்புக் கூடையை ஒரு முனகல் இல்லாமல் தூக்கி இடுப்பிலை வைச்சுக்கொண்டு சொன்னார்.

"இஞ்சரும், எண்ணெயும் கொஞ்சம் உதவினதுதான்."

எண்ணெய் கேட்டு இப்பவும் சனம் ஃபோன் எடுக்குது, நானும் போத்திலைக் குடுத்து விடுறன், ஆனால் சுகம் வந்ததும் கோயிலிலை சொல்ல முதல் வீட்டுப் பொங்கல் பானையை ஒருக்கால் திறந்து பாருங்கோ எண்டும் சேர்த்துச் சொல்லிப்போடுறன்.